ரத்தம் ஆன்ட்டியும் ஞாயிற்றுக்கிழமைக் கொலைகளும்

டி.வி. பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். சிரித்தவர்களைத் தெரியும். டி.வி. பார்த்தபடியே தூங்கி, நடுவில் எழுந்து "யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும் ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் டி.வி.யோடு சண்டை போடுவதற்கென்றே குளித்து, தலை வாரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்ற மனுஷி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். அவர் கீழே, நாங்கள் மாடியில் வாடகைக்கு. காலனிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரத்தம் ஆன்ட்டி.

பயப்படாதீர்கள். ஒரு அரசாங்க லேபில் ஆயுசில் பாதியை ரத்தக்கறையோடு கழித்தவர் அவர். போலீஸ்காரர்கள் சீல் வைத்து அனுப்பும் சட்டை, கத்தி, கோணிப்பை, பாய் எல்லாவற்றிலும் இருப்பது ரத்தமா, ரத்தம் என்றால் மனுஷ ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று பரிசோதித்து ரிப்போர்ட் எழுதும் வேலை. ரிட்டயரான பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரு ரயில்வே பென்ஷன் புருஷன், இரண்டு தென்னை மரம், ஒரு பெரிய கலர் டி.வி., தீராத கோபம். பாளையங்கோட்டையில் பிறந்தவர். எத்தனையோ வருஷம் தெலுங்கும் உருதும் கலந்து பேசி வாழ்ந்தும், கோபம் வந்தால் மட்டும் தாமிரபரணித் தண்ணீர் குபுகுபுவென்று வந்துவிடும். கோபம் எப்போதும் வந்துகொண்டேயிருந்ததால் நாங்கள் கேட்டதெல்லாம் திருநெல்வேலித் தமிழ்தான்.

அப்போது நகரத்தின் அந்தக் கோடியில் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் கோடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் சாப்பாடு, தூக்கம், ஒரு துப்பறியும் தொடர். ஹிந்தியில் வாராவாரம் ஒரு கொலை. ஒரு பெரிய அதிகாரி, கதவுகளை உடைப்பதற்கென்றே ஒரு தடியன், வெள்ளைக் கோட்டில் ஒரு டாக்டர். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனையும் ஆன்ட்டி வீட்டு ஹாலில் ஆஜராகும். என் மகள் நித்யா முதல் வரிசை. ஆன்ட்டி மட்டும் உட்காரமாட்டார். இடுப்பில் ஒரு கையும் கரண்டியில் ஒரு கையுமாக, டி.வி.க்குப் பக்கவாட்டில் நின்றே பார்ப்பார். உட்கார்ந்தால் கோபம் இறங்கிவிடும் என்று பயமோ என்னவோ.

"நேத்தே செத்துட்டான்னு இப்பதானல சொன்னான்? பொறவு ரத்தம் எப்படி இன்னும் செக்கச்செவேல்னு ஓடுது? ரத்தமா, ரஸ்னாவா? கறுத்துப்போவும்ல! காஞ்சு பொருக்குத் தட்டிப்போவும்ல!"

பெரிய அதிகாரி தரையில் கிடந்த கத்தியைக் கைக்குட்டையால் எடுப்பார்.

"தொடச்சிட்டான்! இருந்த ரேகையையும் தொடச்சிட்டான் சவத்து மூதி!"

மேஜைமேல் ஏதோ வெள்ளைப் பொடி. அதிகாரி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"நக்குதான்! ஏங்க, இங்கன வந்து பாருங்க, நக்குதான்! வெஷமா இருந்தா? இவன் செத்தா அடுத்த வாரம் எவன் நக்குவான்?"

லேபில் ஒரு பெண் கூந்தலைத் தோள்மேல் பரத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிவாள். ஆன்ட்டி கரண்டியைத் திரைக்கு நேரே நீட்டுவார். "கொண்டை போடுளா! ஒத்த முடி அதுல விழுந்துச்சுன்னா, கொலகாரி நீதான்னு வக்கீல் எழுதி வாங்கிட்டுப் போவான்!"

அந்தப் பெண் இரண்டு நிமிஷத்தில் நிமிர்ந்து, கொலைகாரன் இடதுகைக்காரன், ஆஸ்துமா உண்டு, நேற்று பிரியாணி சாப்பிட்டிருக்கிறான் என்பாள். அப்போது ஆன்ட்டி சத்தம் போடமாட்டார். முகம் மட்டும் இறுகும். "ரெண்டு நிமிசம்" என்று முனகிவிட்டு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவார். அந்த உருட்டலில் தொடரின் கடைசிக் காட்சி எங்களுக்குக் கேட்டதே கிடையாது. கொலைகாரன் யார் என்று தெரியாமலே அந்தத் தெருவில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

உளவாளித் தொடர்கள் வந்தால் இன்னும் மோசம். கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவன் மே மாத வெயிலில் நடந்து வருவான். "உளவு பாக்க வந்திருக்கானா, பொண்ணு பாக்க வந்திருக்கானா? உளவாளின்னா இவுகள மாதிரி இருக்கணும்" என்று தன் புருஷனைக் கரண்டியால் காட்டுவார். "ஒரே கல்யாணத்துல மூணு பந்தியில உக்காந்து சாப்பிட்டாலும் ஒருத்தனுக்கும் மொகம் ஞாபகம் இருக்காது."

காலனியே அண்ணாச்சி என்று கூப்பிட்ட அந்த நல்ல மனிதர் பேப்பரை இறக்கி, "ரெண்டு பந்திதான்" என்று திருத்திவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்.

ஒருமுறை சேனலுக்கே போன் போட்டார். திரையில் ஓடிய நம்பரைக் குறித்துவைத்து, மாடிக்கு வந்து என்னைச் சாட்சிக்கு உட்காரவைத்து, தன் ஹைதராபாத் தக்கனி ஹிந்தியில் ஆரம்பித்தார். "கூன் லால் நஹி ரஹ்தா, காலா ஹோத்தா! ஆப்கா டாக்டர்கோ மாலூம் நை க்யா?" ரத்தம் சிவப்பாகவே இருக்காது, கறுத்துவிடும், உங்கள் டாக்டருக்கு இதுகூடத் தெரியாதா என்று அர்த்தம். எதிர்முனையில் இருந்த பம்பாய்ப் பெண் ரொம்ப மரியாதையாக, "மேடம், உங்களுக்கு எந்த ஆர்ட்டிஸ்ட் பிடிக்கும்? போட்டோ அனுப்புகிறோம்" என்றாளாம். போட்டோவும் வந்து சேர்ந்தது. அதே பெரிய அதிகாரி, விரலில் பொடியோடு. ஆன்ட்டி அதை முருங்கைக்கீரை ஆயும்போது அடியில் விரித்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்காவது உண்மை தெரியட்டும் என்று அவர் செய்த காரியம்தான் காலனியைக் கலக்கியது. ஒரு ஞாயிறு காலை கறிக்கடையிலிருந்து ஒரு டப்பா ஆட்டு ரத்தம் வாங்கிவந்து, அண்ணாச்சியின் பழைய வேட்டியில் ஊற்றி, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டார். "நேரம் ஆக ஆக நிறம் எப்படி மாறுதுன்னு பாருங்க. அதுக்குப் பொறவு அந்தப் பொட்டியப் பாருங்க" என்பது பாடம். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கு வடாம் போட வந்த அம்மாள்தான் முழுப் பாடத்தையும் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார். ரத்த வேட்டி. வேட்டி அண்ணாச்சியுடையது. அண்ணாச்சியைக் காலையிலிருந்து காணவில்லை. அந்த அம்மாளும் வாராவாரம் அதே தொடரைப் பார்க்கிறவர்தானே!

அரை மணியில் வாசலில் கூட்டம். ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார், ஒருவர் தென்னை மரத்தடியில் மண் புதிதாகக் கிளறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். செகந்திராபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் கோங்குராக் கீரைக் கட்டோடு வந்த அண்ணாச்சி கூட்டத்தின் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில், "யாரு போயிட்டாங்க?" என்று விசாரித்தார்.

முன்னால் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வீட்டுப் பெரியவர்தான். பாவம், நல்ல மனுஷன்."

"அப்படியா" என்றார் அண்ணாச்சி.

இதுவரை சிரித்துவிட்டீர்கள் என்றால் சரி. இனிமேல் எனக்கே சிரிப்பு வராது.

எங்கள் காலனி நலச் சங்கத்துக்கு ஒரு செக்ரட்டரி இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஏதோ கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிவைத்த நெக்லஸ் காணாமல் போனது. பீரோ கண்ணாடி உடைந்திருந்தது. கண்ணாடிச் சில்லில் கொஞ்சம் ரத்தம் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் யாதம்மா. எங்கள் வீட்டிலும், ஆன்ட்டி வீட்டிலும், இன்னும் நாலைந்து வீடுகளிலும் அவள்தான். வெற்றிலை போடுவாள், சத்தமாகச் சிரிப்பாள், நித்யாவோடு தெலுங்கில் சண்டை போடுவாள்.

செக்ரட்டரி போலீசுக்குப் போகவில்லை. போலீஸ் எதற்கு? தொடர் முழுவதையும் அவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லையே! பீரோ முழுக்க முகப் பவுடரைக் கொட்டி ரேகை பார்த்தார். பவுடர்தான் தெரிந்தது. பிறகு யாதம்மா வேலைக்கு வந்தபோது அவள் புடவைத் தலைப்பில் செம்பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தார். முடிந்தது கேஸ். அவளைச் சங்க அறைக்குக் கூட்டிப்போய், ஸ்டூலில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, பட்டப்பகலில் ஒரு மேஜை விளக்கை அவள் முகத்துக்கு நேரே திருப்பிவைத்து 'விசாரணை' நடத்திக்கொண்டிருந்தார்.

நித்யா ஓடிவந்து சொன்னபோது நானும் ஆன்ட்டியும் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வெங்காயக் கையோடு ஓடினோம்.

அறைக்குள் ஏழெட்டு ஆண்கள். யாதம்மாவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அடித்திருக்கிறார்கள். படித்தவர்கள், சார்! பேரன் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை பஜனை பாடுபவர்கள்!

ஆன்ட்டியைப் பார்த்ததும் செக்ரட்டரி முகம் மலர்ந்தார். "வாங்க, வாங்க! உங்களைத்தான் கூப்பிட நினைச்சேன். எக்ஸ்பர்ட் நீங்க. இந்தக் கறையைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, ரத்தம்தானே?"

யாதம்மா ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேனு தீயலேதம்மா. நான் எடுக்கலம்மா. வெத்தலைக் கறைம்மா. உங்களுக்குத் தெரியும்மா, சொல்லுங்கம்மா."

எனக்கும் அது வெற்றிலைக் கறை மாதிரிதான் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். ஆன்ட்டி 'ரத்தம் இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடும். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்ட்டி குனிந்து அந்தத் தலைப்பைப் பார்த்தார். தொடக்கூட இல்லை.

"தெரியாது" என்றார்.

யாதம்மாவின் கை நழுவியது. என் காதையே நம்ப முடியவில்லை. "அக்கா..." என்று அவர் முழங்கையை இழுத்தேன். உதறிவிட்டார்.

"பார்த்தீங்களா, அவங்களே இல்லேன்னு சொல்லல" என்று செக்ரட்டரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போதுதான் தாமிரபரணி கரையை உடைத்தது.

"ஏன்வே, நான் என்ன சொன்னேன்? தெரியாதுன்னு சொன்னேன். ஆயுசு பூரா இந்தக் கறையப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சவ நான். நானே வெறுங் கண்ணால பாத்துச் சொல்ல முடியாதுங்கேன். நீரு எப்படிவே சொன்னீரு? எந்த லேபுல படிச்சீரு? சொல்லும்வே! ரத்தம்னே வச்சுக்கிடுவோம். யாரு ரத்தம்? கோழி ரத்தமா, கொசு ரத்தமா, அவ மீன் அரியும்போது கை வெட்டிக்கிட்ட ரத்தமா? ஒம்ம பீரோக் கண்ணாடி எங்க, கொண்டாரும், அதுல இருக்கது யாரு ரத்தம்னு பாப்போம்!"

செக்ரட்டரி தடுமாறினார். "அது... குழந்தைங்க கால்ல குத்திடும்னு குப்பையில போட்டாச்சு."

"பீரோவுல ரேகை?"

"பவுடரா இருக்குன்னு வீட்டுல ஈரத்துணியால தொடச்சுட்டாங்க."

ஆன்ட்டி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் சத்தம் குறைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் முதல்முறையாகப் பயந்தேன்.

"அந்தப் பொட்டியில ஒருத்தன் மேசையத் தட்டுவான், கன்னத்துல அறைவான். ரெண்டாவது அறையில உண்ம வந்துரும். ஏன்னா எழுதுனவன் அப்படி எழுதியிருக்கான். இவள யாரு எழுதுனா? நீரா? மூணாவது அறையில இவ எடுத்தேன்னுதான் சொல்லுவா. எடுக்காமலே சொல்லுவா. நானா இருந்தாலும் சொல்லுவேன். கதவத் தொறங்கல!"

யாரும் அசையவில்லை. ஆன்ட்டி போய் அந்த மேஜை விளக்கின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். யாதம்மாவை எழுப்பி, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். வெங்காயக் கை. அவளுக்கு இன்னும் கண்ணீர் கொட்டியது. "கைக்கு ரோத்தி? எதுக்கு அழுத? நடளா" என்று பாதி உருதுவிலும் பாதி நெல்லையிலும் அதட்டிக்கொண்டே வாசலுக்கு நடத்தினார். கதவருகே நின்றவர் தானாக விலகிக்கொண்டார். "நேரே ஸ்டேசனுக்குப் போறேன். நெக்லஸ் வேணும்னா அங்கன வந்து நீரு கம்ப்ளெயின்ட் குடும். நாங்க குடுக்கப்போறது வேற கம்ப்ளெயின்ட்."

ஆட்டோவில் மூவரும் போனோம். அங்கே எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். யாதம்மா சுவரில் சாய்ந்து அசந்துவிட்டாள். என் மனசில் இருந்ததை நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே. ஏன் அவளை அப்படிக் கதறவிட்டீங்க?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒரு கேசு. கறிக்கடையில வேல பாத்த ஒருத்தன். சட்டையில ரத்தம். பாத்தவுக அத்தன பேரும், மனுச ரத்தம்தான், இவன்தான் கொன்னான்னு சொல்லிட்டாக. உள்ள வச்சாச்சு. அவன் சட்ட எங்க லேபுக்கு வந்துச்சு. எங்களுக்கு ஆள் கெடையாது, சோதிக்க மருந்து கெடையாது. பார்சலு மலை மாதிரி கெடக்கு. வருசக்கணக்குல கெடந்துட்டு ஒருநா எம்மேசைக்கு வந்துச்சு. பாத்தேன். ஆட்டு ரத்தம். ஒத்த வரிதான் எழுதுனேன். அவன் வெளிய வந்துட்டான். வந்தவன் நேரா என்னயத் தேடி வந்தான்ளா. நன்றி சொல்ல வந்திருக்கான்னு நெனச்சேன். 'இந்த ஒரு வரியை எழுதவா மேடம் இவ்வளவு நாளாச்சு'ன்னு கேட்டான். கேட்டுட்டுப் போயிட்டான்."

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அந்தப் பொட்டியில அவ ரெண்டு நிமிசத்துல சொல்லுதா. ஊரு பூரா அத நம்புது. நெசத்துல நடக்கலன்னு எவனுக்கும் கோவம் வரல. ஏன் ஆள் போடலன்னு ஒருத்தன் கேக்கல. எனக்குக் கோவம் வராம என்ன செய்யும்? பாத்தே சொல்லுத பழக்கத்த நானே ஆரம்பிச்சா, இன்னைக்கு இவள வெளிய விட்டுருவேன். நாளைக்கு வேற ஒருத்தி உள்ள போவா. அதான் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். இரண்டு தரப்பையும் எழுதிக்கொண்டார். யாதம்மாவை அடித்ததற்காக செக்ரட்டரியைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். நெக்லஸ் விஷயத்தில், கண்ணாடியும் குப்பையில், ரேகையும் ஈரத்துணியில் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டார். நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், கடைசியில் திருடன் யார் என்று சொல்லிவிடுவேன் என்று. தெரியாது. அந்த நெக்லஸ் கிடைக்கவேயில்லை. மருமகனா, பெயின்ட் அடிக்க வந்தவனா, செக்ரட்டரி வீட்டு அம்மாளே எங்காவது வைத்து மறந்தாரா, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கிடைக்காததால் யாதம்மாவுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு வீடு தவிர எல்லோரும் அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரத்திலிருந்து இரண்டு பேர் மட்டும் சாப்பிடும் ஆன்ட்டி வீட்டில் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அவியல், பாயசம் என்று தினமும் விருந்து. எதற்கு இவ்வளவு என்று அண்ணாச்சி கேட்டால், "அவளுக்கு வேல வேணும்லா? சும்மா காசு குடுத்தா வாங்குவாளா? தின்னுங்க!" அண்ணாச்சி தின்றார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்குத் தின்றார். எங்கள் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் வந்தது.

மற்ற வீட்டு நியாயவான்கள் எல்லாம் தாங்களே பாத்திரம் தேய்த்து ஒரு மாசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஒவ்வொருவருக்காக யாதம்மாவின் நேர்மை புலப்பட ஆரம்பித்தது. கடைசியாக வந்தது செக்ரட்டரி வீட்டு அம்மாள். ஆன்ட்டியிடம் வந்து நின்று, "ஏதோ நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதீங்க. அவளை நாளைலேருந்து அனுப்புங்க" என்றார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அவ பின்னால துணி தொவைச்சுட்டு இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கொல்லைப்புறம் போனார். சொன்னார். யாதம்மா துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு, "டைம் லேதம்மா" என்றாள். நேரமில்லையாம். ஆன்ட்டி சமையலறைக்குள் நின்று அதைக் கேட்டார். அவர் சத்தமில்லாமல் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

பிறகு என் கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கிளம்பிய நாளில் காலையிலிருந்தே ஆன்ட்டி எரிமலையாக இருந்தார். கிரைண்டரைப் படுக்கவைத்ததற்கு லாரிக்காரனைத் திட்டினார். பெங்களூரைத் திட்டினார். மாற்றல் போட்டவனைத் திட்டினார். அவர் என்னைத் திட்டியபோது நான் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டேன். எல்லாச் சாமானும் ஏறி முடிந்து, திட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், நித்யாவை இழுத்து வாசற்படியில் உட்காரவைத்து அவள் தலையை வார ஆரம்பித்தார். பின்னினார். கடைசி வரை பின்னி ரிப்பன் கட்டினார். பார்த்தார். அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமுடியை இழுத்தால் கத்துகிற நித்யாவும் கத்தவில்லை.

லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை.